இல்லாத தங்கச்சியின் படம்

“…அதனால முன்னாடியே சொல்லிட்டேன் தம்பி, இந்தத் தடவை என்னை அழகாக்கிடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்லா” என்றார் பிலோமினா அக்கா, ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையைச் சரி செய்துகொண்டே.

மலேசியாவில், ஈப்போ நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிவப்பாக்குங்கள் என்று வந்தவர்கள் உண்டு. தொப்பையை மறையுங்கள், தலையில் முடி இருக்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. ஒருவர் தன் தம்பியைக் கூட்டி வந்து, “இவனுக்குக் கொஞ்சம் புத்திசாலி மாதிரி வர்ற லைட்டா போடுங்க” என்றார். அழகாக்காதே என்று சண்டைக்கு வந்தவர் அந்த ஒரு அக்காதான். அவர் அப்படிச் சொன்னதற்கு முழுக் காரணமும் நான்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஈப்போவில் புதிதாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ஆண்டு மலர் போடுகிறார்களாம். ஸ்டூடியோவில் ஆளை எப்படி உட்கார வைப்பது, விளக்கை எங்கே வைப்பது என்று தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். “ரெண்டு பக்கம் போதும் அண்ணே, பாயிண்ட் பாயிண்டாக் குடுத்துடுங்க” என்றார் செயலாளர். எனக்குப் பாயிண்ட் வராது. ஆட்கள்தான் வருவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கேமராவோடு பிறந்தவன் இல்லை. கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால் ஷீட்டைக் காயவைக்கிற புகைக்கூடத்தில் வேலை செய்தேன். தோட்டத்தை விற்றுத் துண்டு போட்டபோது எனக்கு வயது இருபத்தொன்பது. வேலை தேடி ஈப்போவுக்கு வந்தவன், மழைக்கு ஒதுங்கிய இடம் ஹமீது முதலாளியின் ஸ்டூடியோ வாசல். உள்ளே அவர் ஏணியின் மேல் நின்று, பின்திரைச் சீலையை ஒற்றைக் கையால் மாட்டப் போராடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார்.

“ஏணி புடிப்பியா?”

“புடிப்பேன்.”

“நாளைக்கும் புடிப்பியா?”

அதுதான் எனக்கு நடந்த நேர்முகத் தேர்வு.

முதலாளி என்னைவிட ஆறு வயதுதான் பெரியவர். அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை என்பதால், அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்கிற எண்ணமே அவருக்கு எழுந்ததில்லை. கேட்டால், “பாத்துக்கிட்டுத்தானே இருக்க?” என்பார். பார்த்தேன். ஆள் வந்து உட்கார்ந்ததும் அவர் உடனே விளக்கைத் தொட மாட்டார். பழைய கார் வாங்க வந்தவர் மாதிரி அந்த ஆளை ஒரு முறை மெதுவாகச் சுற்றி வருவார். சிலர் பயந்து, “என்னண்ணே, ஏதும் ரிப்பேரா?” என்று கேட்டிருக்கிறார்கள். பதில் சொல்ல மாட்டார். பிறகு, யாரையும் தொடாமல், இரண்டு விரலைக் காற்றில் அசைப்பார். விரல் இடப்பக்கம் போனால் ஆளின் தோளும் இடப்பக்கம் போகும். விரல் முன்னால் வந்தால் தாடை முன்னால் வரும். பொம்மலாட்டம் மாதிரி இருக்கும்.

ஒருநாளும் அவர் ‘சிரிங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாம் சரியானதும் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, சாதாரணமாக, “சாப்பிட்டாச்சா?” என்பார். நம்முடைய ஆட்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் வாயிலிருந்து வருமுன் முகத்தில் வந்துவிடும். அந்த அரை நொடியில் பொத்தானை அமுக்கிவிடுவார். கெத்தாக வந்த தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒருவர் படம் எடுத்து முடிந்தது தெரியாமல், “இல்லண்ணே, காலையில ரெண்டு ரொட்டிதான்…” என்று பத்து நிமிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் படம் அருமையாக வந்தது. பசி முகத்துக்கு அப்படி ஒரு நேர்மை.

விளக்கு வைக்க நானேதான் பழகினேன், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். ஆள் கிடைக்காது. தம்புனிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பம்பளிமாஸ் பழம் ஒன்று இருந்தது. தலை அளவு, தோலில் முகத்தைப் போலவே சின்னச் சின்னக் குழிகள். அதை ஸ்டூலின் மேல் ஒரு டப்பாவில் நிறுத்தி, கேரட் துண்டில் மூக்கு குத்தி, கண் வரைந்து, மூன்று வாரம் விளக்கடித்தேன். விளக்கு நேர் எதிரே இருந்தால் பழம் தட்டையாகிவிடுகிறது. தட்டையாக இருக்கிற முகத்தை யாரும் முகமென்று ஒத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, கண் மட்டத்துக்கு மேலே ஒரு முழம் உயர்த்தினால், கேரட்டின் நிழல் சாய்வாக விழுந்து உதட்டோரத்துக்குக் கிட்டே வந்து நிற்கும். உதட்டைத் தொட்டால் விளக்கு அதிகமாக ஏறிவிட்டது என்று அர்த்தம். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தினால் அந்தப் பக்கமும் பிழைத்துக்கொள்ளும். பின்திரையிலிருந்து ஐந்தடி தள்ளி வைத்தால், நிழல் திரையில் விழாமல் தரையில் விழும்.

மூன்றாவது வாரத்துக்குள் பழத்துக்கு ஸ்டூடியோ கோட்டும் கண்ணாடியும் போட்டுப் பார்க்கிற அளவுக்கு ஆசை முற்றியது. கண்ணாடியில் விளக்கு மின்னாமல் இருக்க, காதுப் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும் என்று அந்தப் பழத்திடம்தான் கற்றேன். ஒருநாள் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு அம்மா திரையை விலக்கி, கோட்டும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த பழத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்ல, அவருக்கு முடிச்சிட்டே வாங்க” என்று வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவில் ஒரே ஒரு கோட்டுதான். முதுகில் நடுவாக வெட்டித் திறந்திருக்கும். ஒல்லியானவர்களுக்குப் பின்னால் துணிக் கிளிப்பை மாட்டி இறுக்குவோம், பருத்தவர்களுக்கு முதுகைத் திறந்தே விட்டுவிடுவோம். முன்னால் பார்த்தால் எல்லாரும் மாப்பிள்ளை. அவசரத்தில் ஒருவர் முதுகில் ஏழு கிளிப்போடு பஸ் ஏறிவிட்டார்.

கறுத்த நிறத்தாரைப் படமெடுக்கிற விஷயத்தில் புதியவர்கள் எல்லாரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் கறுப்புதான். விளக்கை அதிகமாக ஊற்றினால் வெளுத்துவிடும் என்று ஊற்றினேன். பவுடரையும் அப்பச் சொன்னேன். படத்தில் எல்லாரும் சாம்பல் பூசிய சாமியார் ஆனார்கள். ஒரு தோட்டத்துப் பெரியவர், “என்ன தம்பி, என்னை எரிச்சு முடிச்சிட்டு எடுத்தீங்களா?” என்று கேட்டார். கறுத்த தோலுக்கு அதிக வெளிச்சம் வேண்டாம், அகலமான வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால் போதும். கன்னத்திலும் நெற்றியிலும் ஒரு மினுமினுப்பு எழும், அதுதான் அழகு. பவுடர் அந்த மினுமினுப்பைக் கொன்றுவிடும். இன்றைக்கும் பாருங்கள், எத்தனையோ வசதியான எல்இடி வந்துவிட்டது, நாங்கள் பட்ட சூடும் வியர்வையும் இல்லை, வந்த நாளை வாழ்த்துகிறேன், ஆனால் சாம்பல் சாமியார்கள் குறைந்தபாடில்லை.

இரண்டு வருடத்தில் எனக்கு விளக்குக் கர்வம் வந்தது. அந்த நேரம் பார்த்து பிலோமினா அக்கா வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். ஆயர் தாவாரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார் அக்கா. பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். வயது நாற்பத்து மூன்று. அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. தைப்பிங்கில் இருக்கிற சித்தி ஒரு வரன் சொல்லியிருக்கிறார். மனைவியை இழந்தவர், அரசாங்க அலுவலகத்தில் வேலை, நல்ல மாதிரி. படம் கேட்டிருக்கிறார்கள்.

“சும்மா ஒண்ணு எடுங்க தம்பி, ஆள் இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்” என்றார்.

நான் சும்மா எடுப்பேனா? கற்ற வித்தை எல்லாவற்றையும் அவர் மேல் இறக்கினேன். குடை விளக்கைக் கிட்டே கொண்டுவந்து நிழலையே இல்லாமல் செய்தேன். தலையை ஒரு பக்கம் சாய்க்கச் சொன்னேன். பின்னலை முன்னால் போட்டேன். பெண்கள் காலுக்குப் போடுகிற மெல்லிய நைலான் உறையைக் கேமரா லென்ஸின் மேல் இழுத்துக் கட்டினால் முகம் பனி படிந்த மாதிரி மிருதுவாகும் என்று ஒரு சீன நண்பர் சொல்லியிருந்தார். அதை வாங்கக் கடையில் பட்ட வெட்கத்துக்கே அதை உபயோகித்தாக வேண்டியிருந்தது. பிரிண்ட் வந்ததும் மெல்லிய தூரிகையால் மோவாயில் இருந்த மச்சத்தையும், கண்ணுக்குக் கீழே இருந்த கோடுகளையும் எடுத்துவிட்டேன்.

முதலாளி அந்தப் படத்தைப் பார்த்தார். “யாரு இது?”

“ஆயர் தாவார் அக்கா.”

“அவங்க பாத்தாங்களா?”

“பாத்தாங்க. அவங்களும் யாருன்னுதான் கேட்டாங்க.”

முதலாளி படத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கணக்கு நோட்டைத் திறந்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் அக்கா மறுபடி வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. உள்ளே வந்து, ஸ்டூலைத் தேடி உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

“தம்பி, நீங்க எடுத்த படம் தைப்பிங்குக்குப் போச்சு. அவருக்குப் புடிச்சுப் போச்சாம். சித்தி சொன்னாங்க, நல்ல நாள் பாத்துக் கூட்டிட்டு வாரேன்னு. நானும் நல்ல நாளுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். அந்த மனுஷன் ஆயர் தாவார்ல யாரையோ பாக்க வந்தவரு, வந்த வழியில தனியா வீட்டுக்கே வந்துட்டாரு. நான் கேண்டீன்ல இருந்து வந்து, தலையில துண்டு, கையில மாவு, அடுப்புல வடை. கதவைத் திறந்தேன். கேக்குறாரு, ‘வணக்கம்க்கா, தங்கச்சி பிலோமினா இருக்காங்களா?’”

லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

“என்னை அக்கான்னுட்டாரு தம்பி! அந்தப் படத்துல இருக்கறவளுக்கு நான் அக்காவாம்!”

“நீங்க என்ன சொன்னீங்கக்கா?”

“என்னத்தச் சொல்லுவேன்? நான்தான் பிலோமினான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அதைச் சொன்னா அந்த மூஞ்சி எப்படி மாறும்னு பாக்க எனக்குத் தைரியம் இல்ல. ‘கடைக்குப் போயிருக்கா, உக்காருங்க’ன்னுட்டேன்.”

முதலாளி கணக்கெழுதுவதை நிறுத்திவிட்டுத் திரைக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார் என்பது நாற்காலி கிரீச்சிட்டதில் தெரிந்தது.

“உக்காந்தாரு. ரெண்டு மணி நேரம். வடை திங்கத் திங்கப் பேசுனாரு. அவங்க சம்சாரம் போனதைச் சொன்னாரு. மழையில கூரை ஒழுகறதைச் சொன்னாரு. நான் எங்க அம்மாவைப் பத்திச் சொன்னேன். கேண்டீன்ல பசங்க பண்ற லூட்டியச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரிச்சாரு. போறப்ப, ‘உங்க பேரு என்னக்கா’ன்னாரு. என் பேருதான் தங்கச்சிக்குப் போயிடுச்சே. வாயில வந்தது ரோசம்மா. ரோசம்மான்னுட்டேன்.”

“அதோட போயிட்டாரா?”

“அதோட போனா நான் ஏன் இங்க வாரேன்? அடுத்த சனிக்கிழமை வந்தாரு. தங்கச்சி பல்லு புடுங்கப் போயிருக்கான்னேன். அதுக்கடுத்த வாரம் வந்தாரு. தையல் கிளாஸ்னேன். போன வாரம் வந்து உக்காந்தவரு தங்கச்சி எங்கேன்னு கேக்கவே மறந்துட்டாரு, நானும் ஞாபகப்படுத்தல.” சொல்லும்போது அக்காவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது, உடனே வாடியது. “இந்த வாரம் வராதீங்க, வேலை இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தம்பி, நாற்பத்து மூணு வயசுல என்னோட உக்காந்து ஒரு ஆம்பளை சிரிச்சுப் பேசுனது இதுதான் மொதல் தடவை. அது இந்தப் பொய்யில போயிடக் கூடாது. வாயால என்னால சொல்ல முடியல. நீங்க என்னை இருக்கற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க. அதைத் தபால்ல அனுப்பி, இதுதான் பிலோமினான்னு ஒரு வரி எழுதிடறேன். புடிச்சா வரட்டும், இல்லன்னா போகட்டும். அதனால…”

அதனால என்று தொடங்கிய வாக்கியத்தைத்தான் நான் முதலில் எழுதினேன்.

இருக்கிற மாதிரி எடுப்பது எவ்வளவு லேசு என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டுக்கு நாங்கள் வைத்திருந்த உடனடிப் படக் கேமராவை எடுத்தேன், ஒரு நிமிடத்தில் கையில் படம் வந்துவிடும். தலையை நேராக வைத்து, விளக்கை நேர் எதிரே வைத்து அடித்தேன். அக்கா பார்த்தார்.

“இது போலீஸ்ல புடிச்சுட்டுப் போய் எடுக்கறதுலா. கீழ நம்பர் ஒண்ணுதான் பாக்கி.”

சரி, நிழல் வேண்டும் என்று குடையைக் கழற்றிவிட்டு, வெறும் விளக்கைப் பக்கவாட்டில் வைத்தேன். ஒவ்வொரு கோடும் வெட்டுக்கத்தி போட்ட ரப்பர் மரம் மாதிரி விழுந்தது.

“இது எங்க பழைய தோட்டத்துல வேலை வாங்குன மண்டோர். மீசை மட்டும் இல்ல.”

மூன்றாவதாக விளக்கை மேலே ஏற்றினேன். கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. அந்தப் படத்தை அவர் கவிழ்த்து வைத்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. “நான் இப்படித்தான் இருக்கேனா தம்பி?” என்றார் மெதுவாக. அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றுவரை எனக்கு வெட்கம். அழகாக்கி ஒரு பொய் சொன்னேன், இப்போது அசிங்கமாக்கி மூன்று பொய் சொல்லியிருந்தேன்.

முதலாளி உள்ளே வந்தார். மூன்று படத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு வழக்கம்போல அக்காவைச் சுற்றி ஒரு நடை.

“இந்த டப்பாவுல என்னம்மா?”

“வடை. உங்களுக்குத்தான் கொண்டாந்தேன். பேச்சுல மறந்துட்டேன்.”

“மடியில வச்சுத் திறங்க.”

அவர் குடையை மறுபடி மாட்டினார். என்னை மாதிரி முகத்தோடு முகமாக வைக்காமல், இடப்பக்கம், ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட, கண்ணுக்குச் சற்று மேலே. வலப்பக்கம் வெள்ளைப் பலகை, ஆனால் ஒட்டி வைக்கவில்லை. கோடுகள் இருக்கட்டும், கத்த வேண்டாம் என்கிற தூரம். விளக்குக் கம்பத்தில் நான் கட்டி வைத்திருந்த நைலான் உறையை இரண்டு விரலில் பிடித்து எடுத்து என் சட்டைப் பையில் திணித்தார். விரலைக் காற்றில் அசைத்தார். அக்காவின் உடம்பு விளக்குப் பக்கம் திரும்பியது, முகம் எங்கள் பக்கம் வந்தது. தலை சாயவில்லை. தாடை மட்டும், ஆமை எட்டிப் பார்க்கிற அளவு, முன்னால் வந்தது. அப்படி வந்தால் கழுத்துச் சதை தானாக இறுகும், இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்.

கையை எங்கே வைப்பது என்கிற கேள்வியே எழவில்லை. கைக்கு டப்பா இருந்தது. படத்துக்கு உட்காருகிறவர்களுக்குக் கை ஒரு பெரிய பாரம். ஒரு வேலை கொடுத்துவிட்டால் அது தன்னை மறந்துவிடும், ஆளும் தன்னை மறந்துவிடுவார்.

முதலாளி அதே உடனடிப் படக் கேமராவை என்னிடம் நீட்டினார். தான் கேமராவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்க வாயெடுத்தார்.

அக்கா முந்திக்கொண்டார். டப்பாவைத் திறந்து, எங்களை நிமிர்ந்து பார்த்து, “ரெண்டு பேரும் காலையில இருந்து சாப்பிட்டீங்களா இல்லையா? மூஞ்சியப் பாரு!” என்றார்.

அமுக்கினேன்.

படம் மெல்ல மெல்லத் தெளிந்தது. மோவாயில் மச்சம். கண்ணுக்குக் கீழே கோடு, அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு வருகிற கோடு. கறுத்த கன்னத்தில் ஒரு வெளிச்சம். யாரோ பசியோடு இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்ட கண். அக்கா அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“இவளை எனக்குத் தெரியும்” என்றார்.

அப்போது வெளிக்கதவின் மணி அடித்தது. முதலாளி போனார். கொஞ்ச நேரத்தில், “தம்பி, இங்க வா” என்று அழைத்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஈரம் காயாத படத்தை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். வெளியே சுள்ளென்று வெயில், அவர் கையில் நீளமான கறுப்புக் குடை. தைப்பிங்காரரை அப்படித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அங்கே மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கவுண்டரின் மேல், என் தூரிகை வேலையெல்லாம் பளபளக்க, அக்காவின் முதல் படம் கிடந்தது. பின்னால் இருந்த எங்கள் ஸ்டூடியோ முத்திரையைப் பார்த்து வந்திருந்தார்.

“நான் சூசை. இந்தப் படத்தைத் திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன்” என்றார்.

ஒத்துவராத வரனின் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நம் வழக்கம். பெண் வீட்டிலோ, சொன்னவரிடமோ கொடுப்பார்கள். எடுத்த ஸ்டூடியோவிலேயே கொண்டுவந்து ஒப்படைத்த மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

“வீட்டுல குடுக்க வேண்டியதுதானேண்ணே?” என்றேன். என் முதுகுக்குப் பின்னால் திரை அசையவில்லை. மூன்றடி தூரத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறார், ஒவ்வொரு சொல்லும் கேட்கும். பேச்சை நிறுத்தவும் எனக்கு வழி தெரியவில்லை.

“குடுக்க முடியல தம்பி. அந்தப் பொண்ணு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.”

திரைக்குப் பின்னால் டப்பா மூடி தரையில் விழுந்து உருண்டது. முதலாளி இருமினார்.

“பொண்ணு மேல தப்பு இல்ல” என்று சூசை அண்ணன் அவசரமாகச் சொன்னார். “அதை நான் இன்னும் பாக்கவே இல்ல. பல்லு, தையல், கடைன்னு அதுக்கு ஆயிரம் ஜோலி. படத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த மூஞ்சிகிட்ட என் கூரை ஒழுகுதுன்னு சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்க?”

நான் படத்தைப் பார்த்தேன். முடியாதுதான். கூரை என்றால் என்னவென்றே அந்த முகத்துக்குத் தெரியாது.

“அதுக்கு ஒரு அக்கா இருக்காங்க. ரோசம்மா.” அவர் குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். “அவங்கதான்… அவங்ககூடப் பேசிட்டுத் தைப்பிங் போனா, பஸ்ஸுலயும் பேசிக்கிட்டே போறேன், தனியா. பக்கத்து சீட்டுல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க. தங்கச்சிக்கு வந்த வரன் அக்காவைக் கேட்டா காறித் துப்ப மாட்டாங்களா? அதான், மொதல்ல படத்தை உங்ககிட்டக் குடுத்துட்டா இந்தக் கணக்கு முடிஞ்சிடும், அப்புறம் புது ஆளாப் போய்ப் பேசலாம்னு…”

முதலாளி என்னைப் பார்த்தார். நீ செய்த வேலை, நீயே பேசு என்கிற பார்வை.

“அண்ணே, தங்கச்சின்னு யாரும் இல்ல” என்றேன்.

“என்ன?”

“இந்தப் படம் ரோசம்மா அக்காதான். அவங்க பேருதான் பிலோமினா. இந்த மூஞ்சிய நான்தான் பண்ணேன்.” கையிலிருந்த ஈரப் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். “இது இப்ப எடுத்தது.”

அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். பழைய படத்தைப் பார்த்தார். மறுபடி புதியதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“அப்ப பல்லு புடுங்குனது?”

“இல்லண்ணே.”

“தையல் கிளாஸ்?”

“இல்ல.”

கோபிக்கப் போகிறார் என்று நான் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் குடையைக் கவுண்டரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்பாடா! அந்தப் புள்ளகிட்ட எப்படி வேணாம்னு சொல்றதுன்னு மூணு நாளாத் தூங்கலலா தம்பி!”

திரை விலகியது. அக்கா நின்றார். அழுதிருந்தார், அதை மறைக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூசை அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அக்கா உள்ளே திரும்பிப் போனார். சுவரோரமாகக் கிடந்த இன்னொரு ஸ்டூலை இழுத்து வந்து, விளக்குக்கு முன்னால், தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் போட்டார். முந்தானையால் அதன் மேல் தூசியைத் தட்டினார். இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி இருந்தது. அதைப் பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார், பிறகு காலால் மெல்ல அந்த ஸ்டூலைத் தன் ஸ்டூலோடு நெருக்கித் தள்ளினார்.